போனை எடுக்காதவர்களின் ஓட்டு

போன இதழில் பேச்சுவாக்கில், தேர்தல் நாளன்று பூத்தில் உட்காருகிறவள் நான் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அமெரிக்கத் தேர்தல்தான். சமையல் கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்கவும், அடுத்த முறை.

கேள்வி: அமெரிக்க பூத்தில் உங்களுக்கு என்ன வேலை? குடியேறிப் போனவர்களை எல்லாம் அங்கே உட்கார விடுவார்களா, அம்மா?

குடியுரிமை வாங்கி, அந்தக் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாக்காளராகப் பதிந்திருந்தால் விடுவார்கள். ஆள் கிடைக்காமல்தான் திண்டாடுகிறார்கள். நான் பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். 2004ல் குடியுரிமை. மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சும்மா இருக்க முடியாமல் இதற்குப் பெயர் கொடுத்தேன்.

எங்கள் பூத் தீயணைப்பு நிலையத்தின் கூடம். அன்றைக்கு மட்டும் வண்டிகள் வெளியே நிற்கும். காலை 6 மணிக்குப் போய், வாக்குச்சீட்டை எண்ணும் ஸ்கேனரின் சீல் எண்களைச் சரிபார்ப்போம். உள்ளே ஒரு ஓட்டும் இல்லை என்று காட்டும் சீட்டை அச்செடுத்து எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். 7 மணிக்குக் கதவு திறக்கும். இரவு 8 மணிக்கு வரிசையில் நிற்கிற கடைசி ஆள் ஓட்டுப் போடும்வரை எழுந்திருக்க முடியாது. படி இருநூறு டாலருக்குள். மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்வதில்லை.

என் வேலை பெயர்ப் புத்தகம். வந்தவர் பெயரைச் சொல்வார், புத்தகத்தில் அவருடைய பழைய கையெழுத்தின் நகல் இருக்கும், பக்கத்தில் இன்னொரு முறை போடுவார், வாக்குச்சீட்டைக் கொடுப்பேன். அடையாள அட்டை, அந்த பூத்துக்கு முதல் முறை வருகிறவரிடம் மட்டும்தான் கேட்கலாம். இது பென்சில்வேனியா சட்டம். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் வேறு சட்டம். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது! இந்த நாட்டில் நடப்பது ஒரு தேர்தல் இல்லை, ஐம்பது மாநிலங்களும் தலைநகரமும் தனித்தனியாக நடத்துகிற தேர்தல்கள். இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

எங்கள் புத்தகத்தில் ஏறக்குறைய 1,400 பெயர். அதிபர் தேர்தல் என்றால் ஆயிரத்துக்கு மேல் வருவார்கள். ஊர்க் கவுன்சிலுக்கும் பள்ளி போர்டுக்கும் நடக்கிற தேர்தல் என்றால் நானூறு வந்தால் பெரிது. ஒரு முதியவர் எந்தத் தேர்தலானாலும் 6.40க்கே சொந்தப் பேனாவோடு வந்து நிற்பார். இன்னும் சிலர் நாலு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் தட்டுப்படுவார்கள். யார் ஜெயிப்பார் என்பது இந்த இரண்டாவது கூட்டம் வருகிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. டிவியில் பேசுகிறவர்கள் மணிக்கணக்கில் பேசுவது முதல் கூட்டத்தைப் பற்றி.

கேள்வி: இவ்வளவு விஞ்ஞானம் வளர்ந்தும் அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள் ஏன் பொய்க்கின்றன? 2016ல் ஹிலாரிதான் என்று சத்தியம் செய்தார்களே?

சத்தியம் செய்தது கணிப்பைவிட, கணிப்பைப் படித்தவர்கள்தான். நாடு தழுவிய கணிப்புகள் அந்த வருடம் ஹிலாரி மூன்று சதவீதம் முன்னிலை என்றன. கடைசியில் மொத்த ஓட்டில் அவர் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் முன்னால்தான் இருந்தார். அது நல்ல கணிப்பு. சறுக்கியது மாநிலக் கணிப்புகளில். எங்கள் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின். இந்த மூன்றிலும் சேர்த்து டிரம்ப் கூடுதலாக வாங்கியது 78,000 ஓட்டுக்குள். அதிபர் பதவி அதில் போய்விட்டது.

ஏன் சறுக்கியது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சரி, ஆனால் அடிப்பிடித்த சோறு கரண்டிக்கு வருவதில்லையே. கருத்துக்கணிப்பின் சிக்கலும் அதுதான்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். நான் எடுப்பேன், கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்வேன். வீட்டுக்காரர் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரியாத எண்ணை எடுத்ததே இல்லை. இரண்டு பேரும் ஓட்டுப் போடுகிறோம். கணிப்பில் இருப்பது நான் மட்டும். ஒரு முறை அந்தப் பெண், "வீட்டில் உள்ளவர்களிலேயே இளைய ஆணிடம் பேசலாமா?" என்று கேட்டாள். இளைஞர்கள் போனுக்கு அகப்படுவதில்லை, அதனால் இப்படிக் கேட்டுப் பார்ப்பார்களாம். வீட்டில் இருந்த ஒரே ஆண் அறுபது வயதுக்காரர். அவரும் கையை ஆட்டி 'நான் இல்லை' என்றார்.

கருத்துக்கணிப்பு எடுக்கிற பியூ ஆராய்ச்சி மையம் இதைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. 1997ல் அவர்கள் போன் செய்த வீடுகளில் 36 சதவீதம் பேட்டி கொடுத்தன. 2018ல் 6 சதவீதம். அதாவது நூறு வீட்டில் 94 வீடு என் வீட்டுக்காரர்.

அகப்படாதவர்களும் அகப்பட்டவர்களைப் போலவே நினைத்தால் குறை இல்லை. பதில் சொன்னவர்களில் பெண்கள் அதிகமாக இருந்தால் அவர்களுடைய எடையைக் கொஞ்சம் குறைப்பார்கள், இளைஞர்கள் குறைவாக இருந்தால் கூட்டுவார்கள். எடை போடுவது என்று இதற்குப் பெயர். 2016ல் பல மாநிலக் கணிப்புகள் வயது, பால், இனம் எல்லாம் பார்த்து எடை போட்டன, படிப்பைப் பார்க்கவில்லை. கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் கணிப்புக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள். அதற்கு முன்பெல்லாம் அதனால் பெரிய பிசகு வராது. அந்த வருடம் வெள்ளையர்களிடையே படிப்பை வைத்தே ஓட்டு இரண்டாகப் பிளந்தது. அப்புறம் என்ன, கணிப்பு ஹிலாரி பக்கம் சாய்ந்தது. 2020க்குள் படிப்பையும் சேர்த்துத் திருத்திக்கொண்டார்கள். அப்படியும் பைடனுக்கு எட்டு சதவீதத்தை ஒட்டி முன்னிலை காட்டினார்கள், வந்தது நாலரை. அதாவது, ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே தெருவில் இருக்கிற இரண்டு பேரிலும் போனை எடுக்கிறவர் வேறு மாதிரி, எடுக்காதவர் வேறு மாதிரி. இதற்கு எந்த எடைக்கல்லும் இன்னும் சரியாக அமையவில்லை.

இது புது வியாதியும் இல்லை. 1936ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்த முகவரிகள், பஞ்ச காலத்தில் காரும் போனும் யாரிடம் இருந்திருக்கும்? திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களிலும் ரூஸ்வெல்ட் மேல் கோபம் உள்ளவர்களே அதிகம். அவர்களை விடச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு சரியாகச் சொன்ன ஜார்ஜ் கேலப் அன்றைக்குப் புகழ்பெற்றார். பன்னிரண்டு வருடம் கழித்து, 1948ல், டூயிதான் ஜெயிப்பார் என்று அதே கேலப்பும் சறுக்கினார். ட்ரூமன் ஜெயித்துவிட்டார்!

கேள்வி: 'ப்ளஸ் மைனஸ் 3 சதவீதம்' என்று போடுகிறார்களே, அப்படியென்றால்?

ஆயிரம் பேரைக் கேட்டால் வருகிற தற்செயல் பிழை அது. ஒவ்வொரு வேட்பாளருடைய எண்ணுக்கும் தனித்தனியாக. 48க்கு 46 என்று போட்டு 'முன்னிலை' என்று தலைப்பு வைத்தால் படித்துவிட்டு மடித்து வையுங்கள். மேலே சொன்ன போன் எடுக்காத பிழை அந்த மூன்றில் சேரவே சேராது.

கேள்வி: அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது என்ன நியாயம்?

இதை வருடத்துக்கு இருபது பேர் கேட்கிறார்கள். அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு, 270 வந்தால் வெற்றி. மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. 2000த்தில் அல் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கியும், புளோரிடாவில் 537 ஓட்டில் புஷ்ஷிடம் தோற்றார். நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அதனால் எனக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. எங்கள் மாநிலம் 2016ல் 44,000 ஓட்டில் டிரம்புக்கு, 2020ல் 80,000 ஓட்டில் பைடனுக்கு, 2024ல் மறுபடி டிரம்புக்கு. கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை, "உன் ஒரு ஓட்டுக்கு நாலு மாதமாக விளம்பரம் போடுகிறான், என் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை அக்கா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். நோட்டீஸை எல்லாம் எடைக்குப் போட முடிந்திருந்தால் அவளுக்கு ஒரு விமான டிக்கெட்டே எடுத்திருப்பேன்.

கேள்வி: பிரசாரத்தைக் கேட்டு யாராவது உண்மையிலேயே மனம் மாறுகிறார்களா?

மிகச் சிலர். 1940லேயே கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒஹாயோவில் ஈரி என்ற கவுன்டிக்குப் போய், 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதா மாதம் பேட்டி எடுத்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மனசை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கத்தான் போனார்கள். பெரும்பாலோர் தொடக்கத்தில் இருந்த கட்சியிலேயே கடைசியிலும் இருந்தார்கள். பிரசாரம் செய்தது என்னவென்றால், தூங்கிக்கொண்டிருந்த பழைய விசுவாசத்தைத் தட்டி எழுப்பியதுதான்.

இன்றைக்கு அது இன்னும் இறுகிவிட்டது. 2016ல் செனட் என்ற மேலவைக்குத் தேர்தல் நடந்த எல்லா மாநிலத்திலும், அதிபர் தேர்தலில் அங்கே ஜெயித்த கட்சியே செனட்டிலும் ஜெயித்தது. எங்கள் மாநிலத்தில் ஒரே பட்டனை அமுக்கினால் சீட்டு முழுக்க ஒரு கட்சிக்குப் போய்விடும் வசதி முன்பு இருந்தது. 2019ல் சட்டம் மாற்றி எடுத்துவிட்டார்கள். 2020ல் எத்தனை பேர் என் மேஜைக்கு வந்து, "அந்த பட்டன் எங்கே?" என்று கேட்டார்கள் தெரியுமா? பட்டன் இல்லையென்றதும் ஒவ்வொரு பதவிக்கும் யோசித்தா போட்டிருப்பார்கள்? வரிசையாக அதே கட்சியைத்தான் நிரப்பியிருப்பார்கள்.

ஆனாலும் ஊர் ஊராகப் பார்த்தால் நகர்வு தெரிகிறது. வடகிழக்கில் லூசெர்ன் கவுன்டி, பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. ஒபாமாவுக்கு 2008லும் 2012லும் போட்டது. 2016ல் ஏறக்குறைய இருபது சதவீத வித்தியாசத்தில் டிரம்புக்குப் போட்டது. எங்கள் பக்கம் இருக்கும் செஸ்டர் கவுன்டி, படித்த, வசதியான புறநகர். 2012ல் மயிரிழையில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ராம்னிக்கு, 2016ல் தெளிவாக ஹிலாரிக்கு. ஒரே மாநிலத்தில், ஒரே நாலு வருடத்தில், ஒன்று இப்படிப் போக இன்னொன்று அப்படிப் போனது. கணிப்பாளர்கள் படிப்பை எடை போட மறந்தது எவ்வளவு பெரிய மறதி என்று இந்த இரண்டு கவுன்டியைப் பார்த்தாலே விளங்கும். 2024லும் டிரம்ப் ஜெயித்த அரிசோனா, மிச்சிகன், நெவாடா, விஸ்கான்சின் நாலும் செனட்டுக்கு ஜனநாயகக் கட்சிக்காரரையே அனுப்பின. சீட்டின் தலைப்பில் இருக்கும் அதிபர் பதவிக்கு மட்டும் நிரப்பிவிட்டு எழுந்து போனவர்களும் அதில் உண்டு, மாற்றிப் போட்டவர்களும் உண்டு.

கேள்வி: ஏன் செவ்வாய்க்கிழமை?

1845ல் போட்ட சட்டம். ஞாயிறு மாதா கோவில், புதன் பல ஊரில் சந்தை, குதிரை வண்டியில் வருவதற்கு ஒரு நாள். குதிரை போய்விட்டது, செவ்வாய் போகவில்லை.

கேள்வி: ஒரே ஒரு ஓட்டினால் எதுவும் மாறியதுண்டா? சும்மா சொல்கிற கதைதானே?

2017, வர்ஜீனியா, மாநில சட்டசபையின் 94வது தொகுதி. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் முன்னால். மறுநாள் மூன்று நீதிபதிகள் ஒரு சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் வட்டத்தையும் நிரப்பி, சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தார் யாரோ. அந்தச் சீட்டு குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்குத்தான் என்று தீர்ப்பு. இரண்டு பேருக்கும் 11,608. அப்புறம் என்ன செய்வது? பெயர்களைப் பழைய பிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து, 2018 ஜனவரி 4 அன்று ஒன்றை எடுத்தார்கள். யான்சி. அந்த ஒரு இடத்தினால் சபையே 51க்கு 49 என்று குடியரசுக் கட்சியிடம் நின்றது. அடுத்த தேர்தலில் சைமண்ட்ஸ் ஜெயித்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

எனக்கு அந்தக் கோடு கிழித்தவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். சீட்டில் தப்பு செய்துவிட்டால் எழுந்து வந்து சொல்லுங்கள், பழையதை ரத்து செய்து புதுச் சீட்டு தருவோம். வெட்கப்பட்டுக்கொண்டு கோடு கிழிக்காதீர்கள். எங்கள் மாநிலத்தில் தபால் ஓட்டுக்கு இரண்டு உறை. உள் உறையில் போடாமல் நேராக வெளி உறையில் சீட்டைப் போட்டு அனுப்பினால் 'நிர்வாணச் சீட்டு' என்று தள்ளிவிடுவார்கள். இப்படி வீணாகப் போகிற ஓட்டுகளைப் பற்றி எந்தக் கட்சித் தலைவரும் மேடையில் பேசுவதில்லை.

கேள்வி: கமலா ஹாரிஸ் நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி. அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் எல்லோரும் அவருக்குத்தானே போட்டிருப்பார்கள்?

இல்லை. இந்திய வம்சாவளியினரில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்பது உண்மை. ஆனால் 2024 தேர்தலுக்கு முன் கார்னகி என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கணிப்பில், பத்தில் ஆறு பேர்தான் கமலாவுக்கு என்றார்கள், மூன்று பேர் டிரம்புக்கு. நாலு வருடம் முன்பு பைடனுக்கு இருந்த ஆதரவைவிட அது குறைவு. இளைஞர்கள், அதிலும் ஆண்கள், நகர்ந்திருக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு வீட்டு விருந்தில் கேட்டது: "பேத்தி என்பதற்காகப் போட முடியுமா, வரியை யார் கட்டுவது?" அதே விருந்தில் இன்னொரு அம்மா அவரோடு அதற்கப்புறம் பேசவில்லை.

கேள்வி: பாதிப் பேர் ஓட்டுப் போடுவதில்லையாமே?

அதிபர் தேர்தலில் அவ்வளவு மோசமில்லை. 2020ல் தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் போட்டார்கள், நூறு வருடத்துக்கு மேல் காணாத அளவு. நடுவில் வருகிற காங்கிரஸ் (இங்கே அது கட்சி இல்லை, நாடாளுமன்றம்) தேர்தலில்தான் கூட்டம் குறையும். 2014ல் மூன்றில் ஒருவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2018ல் பாதி.

வரவழைக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். 2006ல் மிச்சிகனில் ஒரு சோதனை. யார் யாருக்குப் போட்டார் என்பதுதான் இங்கே ரகசியம், போட்டாரா இல்லையா என்பது ரகசியம் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் சில வீடுகளுக்கு, 'உங்கள் தெருவில் போன தேர்தலில் யார் யார் ஓட்டுப் போட்டார்கள்' என்று பெயரோடு பட்டியல் அனுப்பி, இந்தத் தேர்தலுக்கு அப்புறம் இன்னொரு பட்டியல் வரும் என்றும் எழுதினார்கள். கடிதம் வராத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் போட்டார்கள். வந்த வீடுகளில் 37.8. ஒரு தாளுக்கு எட்டு சதவீதம்! கடமை, ஜனநாயகம் என்று எழுதிய கடிதங்கள் இதில் கால்வாசிகூடச் சாதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது எந்த நாட்டிலும் பெரிய சக்தி போலிருக்கிறது.

அதே மாதிரி ஒரு கடிதம் எங்கள் வீட்டுக்கும் ஒரு வருடம் வந்தது. வீட்டுக்காரர் கொதித்துப்போய்க் கிழித்துப் போட்டார். தேர்தலன்று முதல் வேலையாக வந்து ஓட்டும் போட்டார்.

கேள்வி: நீதிபதிகளைக்கூட ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களாமே?

எங்கள் மாநிலத்தில் ஆமாம். யாரென்றே தெரியாத பெயர்கள் வரிசையாக இருக்கும், முதலில் இருக்கிற பெயருக்கு யோகம். பிலடெல்பியாவில் அந்த வரிசையைத் தீர்மானிப்பது ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் என்ற பழைய உணவகத்தின் காபி டப்பா. அதில் கையை விட்டு எண் எடுக்க வேண்டும். சட்டப் படிப்பு, அனுபவம் எல்லாம் இருந்தும் டப்பா கைவிட்டால் சிரமம்தான்.

கேள்வி: உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். இரண்டு பேரும் ஒரே கட்சியா?

1960ல், 'உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கட்டிக்கொண்டால் வருத்தப்படுவீர்களா' என்று கேட்டபோது, இரண்டு கட்சியிலும் இருபதில் ஒருவர்தான் ஆமாம் என்றார். 2010ல் குடியரசுக் கட்சியில் ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு. எங்களுக்கு 1984லேயே கல்யாணம் ஆகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

இங்கே கட்சிக்குள் நடக்கிற வேட்பாளர் தேர்தலில், பதிவு செய்த கட்சியின் சீட்டு மட்டும்தான் தர முடியும். அது என் மேஜையிலேயே புத்தகத்தில் அச்சாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அவர் வரிசையில் வந்து நிற்பார், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல் முழுப் பெயரைச் சொல்வார், நான் எனக்குப் பிடிக்காத கட்சியின் சீட்டை எடுத்து என் கையாலேயே கொடுப்பேன். "தேங்க்யூ மேடம்" என்பார். "நெக்ஸ்ட்" என்பேன்.